மஞ்சள் குடித்த அட்டை

குளத்தங்கரையில் நரி ஒரு பரிசோதனைக்கூடம் திறந்தது. சோதனை ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தைப் பார்த்துப் புற்றுநோய் உண்டா இல்லையா என்று சொல்வது. ரத்தம் எடுக்க ஓர் அட்டை. எண்ணிச் சொல்ல ஒரு வெள்ளை எலி. தலைமை மருத்துவர் நரி. நரிக்கு எண்ணவும் தெரியாது, ரத்தம் எடுக்கவும் தெரியாது.

வெள்ளை எலி நகரத்து ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் கூண்டில் இருந்தது. கூண்டுக்குள்ளிருந்தே எல்லாம் கற்றுக்கொண்டது. தப்பி வந்தபோது ஒரு மருந்துக் குப்பியைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது.

முதல் நாள் வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். முதலில் எருமை. அதன் கழுத்தில் விளாம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஒரு மாதமாகப் புல் இறங்கவில்லை.

"எதை எண்ணப்போகிறாய் எலியம்மா?" என்று எருமை கேட்டது.

"உடம்புக்குள் 'இதைச் செய், அதைச் செய்' என்று உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கும். சில உத்தரவுகளைப் பாதி வழியில் பிடித்து வாயைப் பொத்துகிற பொடியன்கள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். அவற்றில் இருபத்தொன்றாம் எண் அளவுக்கு மீறிப் பெருகினால், 'வளர்ந்தது போதும்' என்ற உத்தரவின் வாயையே பொத்திவிடும். அப்புறம் கட்டி வளராமல் என்ன செய்யும்? அந்தப் பொடியன் ரத்தத்திலும் மிதப்பான். ஐம்பது வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கவலை."

அட்டை எருமையின் ரத்தத்தை எடுத்து இலையில் ஒரு சொட்டு விட்டது. எலி முகர்ந்து எண்ணியது. தொள்ளாயிரத்து நாற்பது!

அடுத்து முயல். எண்ணூற்று எழுபது! மூன்றாவது முள்ளம்பன்றி. எண்ணூறு! கடைசியில் மயில். நூற்று எழுபது!

"பன்னிரண்டு பேருக்கும் புற்றுநோய்!" என்று நரி துள்ளிக் குதித்தது. "எந்தக் காட்டிலும் யாரும் இப்படிக் கண்டுபிடித்ததில்லை!"

"ஐயோ, எனக்கு ஒன்பது குட்டிகள்!" என்று முயல் அழுதது.

"என் தோகை கொட்டுமா டாக்டர்?" என்றது மயில்.

"பயப்படாதீர்கள்! அந்தப் பொடியனைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டு பங்கு போடு எலியே!"

எலி குப்பியைக் கட்டிக்கொண்டது. "இது ஒருவருக்குத்தான் போதும். பங்கு போட்டால் எருமையம்மாவுக்கு நாக்கு நனையும், அவ்வளவுதான். அவர் பிழைக்க மாட்டார். நகரத்தில் இதை இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நோயில்லாதவர் குடித்தால் அந்தப் பொடியன் செய்கிற நல்ல வேலையும் நின்றுபோகும். காயம் பட்டால் ஆறாது."

"நோயில்லாதவர் யார் இங்கே?"

"நரியாரே, எண்களைப் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்க நிற்கக் குறைகிறது. நோய் வரிசையில் நின்றா வரும்? நல்ல உடம்புக்காரர் ஒருவரையும் சோதித்துப் பார்ப்போம்."

"நல்ல உடம்பை எண்ணினால் யார் என்னைப் புகழ்வார்கள்? உனக்குப் பொறாமை!"

"அப்படியானால் பதின்மூன்றாவதாக நீங்களே நில்லுங்கள்."

நரி நெஞ்சை நிமிர்த்திக் காலை நீட்டியது. அட்டை கடித்தது. எலி எண்ணியது.

"நூற்றுப் பத்து."

நரியின் வால் கால்களுக்கிடையில் போனது. "எனக்கா? நேற்றுக்கூட மூன்று கோழி தின்றேனே! தப்பு! மறுபடி எண்ணு! இந்த அட்டைதான் சரியில்லை!"

"மற்ற பன்னிரண்டு பேருக்கும் சரியாக இருந்த அட்டைதானே?" என்று எலி மெதுவாகக் கேட்டது. பிறகு அட்டையிடம் திரும்பியது. "அண்ணே, ஒருவரைக் கடித்த பிறகு வயிற்றைக் காலி செய்தீரா?"

"சாப்பிட்டதை யாராவது கொட்டுவார்களா?" என்றது அட்டை. "எருமை ரத்தம் நல்ல ருசி. இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கிறது."

"அப்படியானால் எருமையம்மாவின் ரத்தம்தான் எல்லார் சொட்டிலும் கலந்திருக்கிறது" என்றது எலி.

எலி காட்டு மஞ்சளை இடித்து அட்டையின் வாயில் தடவியது. அட்டை குடித்ததையெல்லாம் கக்கியது. "வயிற்றில் அடிக்கிறீர்களே!" என்று புலம்பியது. ஒவ்வொருவருக்கும் முன்னால் மஞ்சள் தடவி, பதின்மூன்று பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முயல் இருபத்திரண்டு. மயில் முப்பத்தொன்று. நரி பத்தொன்பது. யாரும் ஐம்பதைத் தாண்டவில்லை, எருமையைத் தவிர. எருமைக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.

குப்பி முழுவதும் எருமைக்குப் போனது. ஒரு மாதம் கழித்து எலி மறுபடி எண்ணியது. முந்நூற்றுப் பன்னிரண்டு. கட்டி நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எருமை புல் மேய்ந்தது. "ஐம்பதுக்குக் கீழே வரும்வரை எண்ணுவேன்" என்றது எலி.

அதற்குள் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் நரி ஒரு பலகை மாட்டிவிட்டது: 'பதின்மூன்று புற்றுநோயாளிகளில் பன்னிரண்டு பேரை ஒரே நாளில் குணப்படுத்திய டாக்டர் நரி.'

நோயை அளக்கப் புறப்படுகிறவர், அளக்கும் கருவி சுத்தமா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நோயில்லாதவர் மருந்து குடிப்பார், நோயாளி மருந்தில்லாமல் கிடப்பார், கூடம் திறந்தவர் மட்டும் புகழ் பெறுவார்.