கூவைநாட்டின் முதல் வெற்றி

கூவைநாடு சின்ன நாடு. ஆனால் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு விழாவுக்கு அது ஒருமுறைகூடப் போகாமல் இருந்ததில்லை. ஒருமுறைகூட வென்றதும் இல்லை.

வீரர்களிடம் பலத்துக்குக் குறைவில்லை. மரியாதைதான் கொஞ்சம் அதிகம். மன்னர் நன்னிமாறனின் தாத்தா காலத்தில், ஓட்டப் பந்தயத்தில் கூவைநாட்டு வீரன் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. "யாரோ அவசரமாக வருகிறார்கள் போலிருக்கிறது" என்று ஒதுங்கி வழிவிட்டான். ஒருவருக்கா? நாலு பேருக்கும்!

அப்பா காலத்தில் ஒரு மல்லன் எதிராளியைக் கீழே தள்ளிவிட்டான். தள்ளியவன் சும்மா இருந்தானா? "அடிபட்டுவிட்டதா ஐயா?" என்று குனிந்து கைகொடுத்தான். கொடுத்த கையைப் பிடித்து இழுத்தே அவனைக் கவிழ்த்துவிட்டார்கள்.

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர்களில் ஒருவர், வென்றவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். "யார் சுமப்பது?" என்று கேட்டால் மற்ற நாட்டு வீரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். கூவைநாட்டுக்காரர்கள், "அதற்கென்ன, ஏறுங்கள்" என்பார்கள்.

இந்த முறை விழா நெருங்கியபோது சேனாபதி வீரகண்டர் சபையில் எழுந்தார். மலைபோன்ற உடம்பு. அவர் எழுந்ததும் ஆசனமே பெருமூச்சு விட்டது.

"மன்னா, மூன்று தலைமுறையாக ஊரார் நம் தோளில் ஏறப் போய் நின்றது போதும். இனி இந்த விழாவே நமக்கு வேண்டாம்" என்றார்.

ஆலோசகர் அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. "பையன்கள் ஆசையாகப் பயிற்சி செய்திருக்கிறார்கள். போகலாம் மன்னா."

"போனால் வெல்வோமா?" என்று கேட்டார் மன்னர்.

"வெல்வோம்!" அம்பலவாணரின் வாய் முந்திக்கொண்டது.

"நல்லது. வென்றால் ஒவ்வொரு முறையும் போவோம். தோற்றால் இதுதான் கடைசி. நீரும் எல்லைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும்!"

சேனாபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

விழா பாழிநாட்டில் நடந்தது. மன்னரும் சபையோரும் கூடப் போயிருந்தார்கள். ஓட்டத்தில் தோல்வி. வில்லில் தோல்வி. ஈட்டியில் தோல்வி. கடைசியாக மல்யுத்தம். பாழிநாட்டு மல்லன் கற்கோடன், நம் மல்லன் முனையனைத் தூக்கி மணலில் போட்டான்.

"ஓய் அம்பலவாணரே, எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்தாயிற்றா?" என்று சிரித்தார் சேனாபதி.

அம்பலவாணர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முனையன் மணலைத் தட்டிவிட்டு எழுந்தான். கற்கோடனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். மேலே கற்கோடன் இரு கைகளையும் வீசினான். இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் சாய்ந்தான். துள்ளிக்கூடப் பார்த்தான். முனையன் கொஞ்சமும் தள்ளாடவில்லை.

அம்பலவாணர் சட்டென்று எழுந்து பாழிநாட்டு அரசர்முன் போய் வணங்கினார்.

"அரசே, இத்தனை காலம் வந்தும் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. இன்று ஒன்று கேட்கலாமா?"

"தாராளமாகக் கேளும்."

"இன்னும் ஒரு போட்டி வேண்டும். ஆளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. மேலே இருப்பவர் வென்றவரைப்போல இரு கைகளையும் வீசிக்கொண்டே வர வேண்டும். அவர் விழுந்தால் தோல்வி. விழாமல் முதலில் வருபவருக்கு வெற்றி."

கற்கோடன் கடகடவென்று சிரித்தான். "ஆளைச் சுமப்பதெல்லாம் ஒரு போட்டியா?"

"உனக்குக் கஷ்டமென்றால் விட்டுவிடலாம் தம்பி."

"கஷ்டமா? எனக்கா? எங்கே, ஏறச் சொல்லுங்கள் ஆளை!"

"அவரவர் நாட்டு ஆளை அவரவர் சுமக்கட்டும். நாங்கள் எங்கள் சேனாபதியைச் சுமக்கிறோம்" என்றார் அம்பலவாணர்.

எல்லோரும் வீரகண்டரை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு நான்கு நாட்டாரும் ஒரே குரலில், "சம்மதம்!" என்றார்கள்.

"என்னையா?" என்று அலறினார் சேனாபதி.

"ஏறும்" என்றார் மன்னர்.

முரசு முழங்கியது. கற்கோடன் ஒல்லியான அமைச்சர் ஒருவரைத் தோளில் வைத்துக்கொண்டு புயலாகப் பாய்ந்தான். அமைச்சர் கை வீசினார். கற்கோடன் ஒரு பக்கம் போனான். அமைச்சர் மறுபக்கம் போனார். முதல் திருப்பத்திலேயே இருவரும் மணலில்! இன்னொரு நாட்டு வீரன் அவர்கள்மேல் தடுக்கி விழுந்தான். மற்ற இருவரும் கால் பின்னிச் சரிந்தார்கள்.

முனையன் ஓடவே இல்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மேலே இருப்பவர் சாயும் பக்கமே தானும் சாய்ந்து, படகுபோல மிதந்து வந்தான். முதலில் கண்ணை இறுக மூடியிருந்த சேனாபதி, பாதிச் சுற்றில் மெல்லத் திறந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவ்வளவுதான், கைகளை வீசுவதென்ன, முத்தங்களைப் பறக்கவிடுவதென்ன!

கூவைநாடு வென்றது. மன்னரின் கண்கள் கலங்கிவிட்டன.

வழக்கப்படி, தோற்ற கற்கோடன் முனையன்முன் குனிந்து தோளைக் காட்டினான். முனையன் ஏறப் போனான். அம்பலவாணர் பதறி ஓடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்கிறீர் அம்பலவாணரே?" என்று கத்தினார் மன்னர். "இந்தக் காட்சியைப் பார்க்க என் தாத்தா ஏங்கினார். என் அப்பா ஏங்கினார். அவனை ஏறவிடும்!"

"வேண்டாம் மன்னா. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வெற்றி வீரன். கற்கோடன் ஆள் சுமக்கும் அழகைத்தான் இப்போது பார்த்தோமே!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணரின் கழுத்தில் போட்டார். முனையன் கம்பீரமாகத் தன் காலாலேயே மைதானத்தைச் சுற்றிவந்தான்.