ஊர்வம்பிலிருந்து பிரிந்த கூட்டாஞ்சோறு

கொன்னையூரை ஆண்ட செண்டலங்கார பூபதி இருக்கிறாரே, அவருக்குப் புகழ்ச்சி இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். அதையும் கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்ப்பார். ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று குறுக்கே கேட்காதீர்கள். இருந்தது. 'ஊர்வம்பு' என்று ஒரு சமூக வலைத்தளமும் இருந்தது. ஊர்க்காரர்களும் ராஜாவும் கூடி எழுதிய நிரல், அதாவது புரோகிராம், அதை ஓட்டியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், தனியாகவும் நடத்தலாம் என்று ராஜாவே முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் அவர் போட்ட காலை வணக்கத்துக்கு ஒரே ஒரு லைக்தான் விழுந்தது. அதுவும் தளவாய் நாகலிங்கம் போட்டது.

"எங்கேய்யா ஜனங்கள்?" என்றார் ராஜா.

"தறி ஓட்டும் வடிவு நிரலை நகலெடுத்து, 'கூட்டாஞ்சோறு' என்று தனிக்கடை போட்டுவிட்டாள், மகாராஜா! ஊரே அங்கே குடிபோய்விட்டது. திருட்டுக் கழுதை! சிறையில் தள்ளுங்கள்!" என்று குதித்தார் தளவாய்.

வடிவை இழுத்து வந்தார்கள். வாய்த்துடுக்குக்குப் பேர்போன அரண்மனை விகடகவி ஆதிமூலம் சபையில் எழுந்தார்.

"நகலெடுக்கலாம் என்று முத்திரை போட்டதே தாங்கள்தானே, மகாராஜா? இவளை உள்ளே போட்டால் அந்த முத்திரைக்கு என்ன மரியாதை?"

அது சரிதான் என்று பட்டாலும் ராஜாவுக்கு வீராப்பு மட்டும் இறங்கவில்லை. "சரி, நான் எழுதிய வரிகளை மட்டும் அதிலிருந்து பிடுங்கு! அதோடு கூட்டாஞ்சோறு படுத்துவிடும். படுத்தால் இவள் சிறைக்கு, கூடவே நீயும்!"

எந்த வரியை யார் எழுதினார்கள் என்ற பதிவு நிரலோடு கூடவே இருக்கும். ஆதிமூலம் அதைத் திறந்து ஒரு நாழிகை துழாவினார்.

"பிடுங்கிவிட்டாயா?"

"பிடுங்க ஒன்றுமே இல்லை, மகாராஜா. ஊர்வம்பில் தாங்கள் எழுதியது மூன்றே வரி. எல்லோரும் ராஜாவைப் பின்தொடர வேண்டும். ராஜாவின் பதிவுதான் எப்போதும் மேலே நிற்கும். அதற்கு லைக் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். இந்த மூன்றையும் வடிவு முதல் வேலையாகத் தூக்கிவிட்டாள். வேறு எதையும் அவள் தொடவில்லை. அதற்கே ஊர் மொத்தமும் அங்கே போயிருக்கிறது."

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜாவின் முகம் கறுத்தது. அப்புறம் அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வடிவை விடச் சொல்லிவிட்டு, கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா வடிவு, அங்கே என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்றார்.

"தாராளமா வாங்க, ராஜா. தளவாய் ஐயா முதல் நாளே வந்துட்டாரே! உங்களைக் கேலி பண்ணி அவர் போடுற பதிவுக்குத்தான் அங்கே ஏகப்பட்ட லைக்!"