பெருக்கல் கணக்கு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் பவுனம்மாள். நான் தலைமையாசிரியையாய் இருந்த தொடக்கப் பள்ளியைப் பத்தொன்பது ஆண்டுகள் திறந்து, பெருக்கி, பூட்டியவர். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

“ஆளுங்கள நிர்வாகம் பண்றது எப்படி மேடம்? அத மட்டும் சொல்லிக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்.”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது நாற்பத்து நான்கு. திருநெல்வேலியின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாம் தளம் முழுவதும் அவர் கண்ணசைவில் நடந்தது. அவருக்குக் கீழே அறுபது பேர்.

கேட்கப்பட்டவர் எஸ்தர் நவமணி. வயது இருபத்தெட்டு.

தொலைநிலைக் கல்வியில் பி.பி.ஏ. படிப்போருக்கு ஞாயிறுதோறும் எங்கள் பள்ளியின் கூடத்தில் வகுப்பு நடக்கும். பத்து மணி முதல் ஒரு மணி வரை. மாணவர் நாற்பது பேர்; ஆசிரியை எஸ்தர் நவமணி. வார நாட்களில் அந்தக் கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஆகவே பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டு, தாழ்வாரத்திலிருந்து பெரிய பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள்.

ஆவுடையப்பனுக்கு அது இறுதியாண்டு. கடை முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: “பட்டம் வாங்கிட்டு வாரும். வள்ளியூர்க் கிளை மேனேஜர் நாற்காலி உமக்கு. இல்லன்னா என் மருமகனுக்கு.”

எஸ்தர் நவமணி ஒரு சீட்டை நீட்டினார். அச்சுக்கடையின் முகவரி.

“அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு உள்தேர்வு. வரும்போது விடைத்தாள் கட்டை வாங்கி வாருங்கள், சார்.”

“என் கேள்விக்குப் பதில்?”

“அதற்குத்தான் சீட்டு.”

*

ஆவுடையப்பன் கட்டோடு வந்தபோது மணி பத்து அடித்து ஆறு நிமிடம்.

“அச்சுக்கடைக்காரன் ரெண்டு நிமிஷம் லேட்டு மேடம். விடுவேனா? நேரத்தோட அருமைய அவனுக்கு நல்லா எடுத்துச் சொல்லிட்டுத்தான் வாரேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தேர்வு ஆறு நிமிடம் தாமதமாகத் தொடங்கி, ஆறு நிமிடம் தாமதமாக முடிந்தது. எஸ்தர் நவமணி அவரைக் கரும்பலகை அருகே அழைத்தார்.

“காத்திருந்தவர்கள் எத்தனை பேர்?”

“என்னத் தவிர முப்பத்தொம்பது பேரு.”

“நான்?”

“மன்னிக்கணும். நாப்பது.”

“எத்தனை நிமிடம்?”

“ஆறு.”

“பெருக்குங்கள்.”

“எரநூத்தி நாப்பது.”

எஸ்தர் நவமணி கரும்பலகையின் மூலையில் 240 என்று எழுதினார்.

“இது நீங்கள் சொன்ன கணக்கு. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்து முடித்த அன்று உங்கள் அகமதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திடுகிறேன்.”

“நிமிஷத்த எப்படி மேடம் திருப்பிக் குடுக்கது?”

அதற்குள் அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. தாளை ஒப்படைக்கக் கடைசி நாள், தேர்வு ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் ஏழாம் ஞாயிறு.

*

இரண்டாம் ஞாயிறு வகுப்பு முடியும்போது ஆவுடையப்பன் எழுந்து நின்றார். கைகூப்பினார். அன்று நடந்த தவற்றுக்கு அனைவரிடமும் மன்னிப்புக் கோரி, அழகாகவே பேசினார்.

“இரண்டு நிமிடம் பேசினீர்கள்,” என்றார் எஸ்தர் நவமணி. “பெருக்குங்கள்.”

பலகையில் 320.

மூன்றாம் ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு பெரிய தூக்குவாளியில் தேநீர் வந்தது. ஆவுடையப்பன் தம் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். வாசலில் நின்ற பவுனம்மாளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல தேநீர். பாடம் நின்று, மறுபடி தொடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வகுப்பும் பத்து நிமிடம் பிந்தி முடிந்தது.

“பெருக்குங்கள்.”

பலகையில் 720.

“அண்ணாச்சி,” என்றார் உடன் படிக்கும் போலீஸ்காரர் ரஹ்மத்துல்லா, “அடுத்த வாரம் பிரியாணி போட்டுராதீங்க. ஓய்வு பெறுற வரைக்கும் கடன் தீராது.”

கூடமே சிரித்தது. எஸ்தர் நவமணி சிரிக்கவில்லை. ஆவுடையப்பனும் சிரிக்கவில்லை.

*

நான்காம் ஞாயிறு அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதரை மணிக்கே வந்து ஒரு தூண் ஓரமாக நின்றார்.

வருகைப் பதிவேடு ஒன்று. சணலில் கட்டிய பேனா ஒன்று. பத்து மணிக்குப் பாடம் தொடங்க வேண்டுமென்றால், பதினெட்டு நிமிடம் முன்பே வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பதிவெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்திடும்வரை மற்றவர்கள் நிற்பார்கள். மேசைக்குப் பின்னே ஆசிரியரும் உட்கார்ந்திருப்பார். மூன்று ஆண்டுகளாக அதுவே வழக்கம். ஆவுடையப்பனும் மூன்று ஆண்டுகள் அதில் நின்றவர்தாம்.

அன்று தூண் ஓரத்திலிருந்து பார்த்தார்.

இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் கோமதி சுவரில் தலை சாய்த்து, நின்றபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். ரஹ்மத்துல்லா பொட்டலத்தைப் பிரித்து, நின்றபடியே இட்லி தின்றுகொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கடையிலும் அறுபது பேர் தினமும் இப்படித்தான் கையெழுத்துக்கு நின்றார்கள். அதை ஒழுங்கு என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

இப்போது அவர் கண்ணுக்கு வரிசை தெரியவில்லை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பதினெட்டு நிமிடம், கற்பூரம் போல், சத்தமில்லாமல் எரிந்து தீர்வது தெரிந்தது.



*

ஐந்தாம் ஞாயிறு வரிசை இல்லை.

“யாரும் முன்கூட்டி வர வேண்டாம், பத்து மணிக்கு வந்தால் போதும்” என்று எல்லோருக்கும் அலைபேசியில் செய்தி போயிருந்தது. ஆசிரியரின் அனுமதி பெற்று, பெயர்ப்பட்டியலை ஆவுடையப்பனே நான்கு தாளாகப் பிரித்து எழுதி வந்திருந்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே நான்கு தாளும் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறின.

கோமதி ஈரத் தலையோடு வந்தாள். “வெந்நி போட்டு, எண்ண தேச்சுக் குளிச்சேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமையில இது மூணு வருசத்துல மொத தடவ.”

ரஹ்மத்துல்லா உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏனோ தணிந்தது.

மணி ஒன்று. எல்லோரும் கலைந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் தம் அகமதிப்பீட்டுத் தாளை மேசைமீது விரித்து வைத்தார்.

“ஆளுக்குப் பதினெட்டு நிமிஷம் மேடம். உங்களயும் சேத்து நாப்பது பேரு. கணக்குத் தீந்துச்சு.”

“பெருக்குங்கள்.”

“பெருக்கிட்டேன். எழுநூத்தி இருபது.”

எஸ்தர் நவமணி பலகையில் இருந்த எண்ணை அழித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

“பெருக்குங்கள், சார்.”

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. முதல் பெஞ்சில் போய் அமர்ந்தார். கையெழுத்து விழாமல் எழுவதில்லை என்ற முடிவோடு கைகளைக் கட்டிக்கொண்டார். எஸ்தர் நவமணியும் அமர்ந்தார். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது.

வாசலில் ஏதோ தட்டும் ஓசை.

ஆவுடையப்பன் திரும்பினார். பவுனம்மாள். கையில் துடைப்பம். அதன் அடியை நிலைப்படியில் மெல்லத் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல சார். நீங்க எந்திரிச்சா பெஞ்ச மாத்திப் போட்டுட்டுப் பெருக்கிருவேன்.”

“அப்படி என்ன அவசரம்?”

பவுனம்மாள் துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டார்.

“மக ஹாஸ்டல்ல ஏழாப்பு படிக்கா சார். எனக்குன்னு வீடில்ல, தங்கச்சி வீட்டுத் தாழ்வாரத்துல கெடக்கேன். ஞாயித்துக்கெழம பன்னெண்டுலேருந்து ரெண்டு மணி வர பாக்க விடுவாக. இங்க பூட்டும்போது ஒண்ணு இருபத்தஞ்சு ஆயிரும். நடந்தா இருபத்தஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம் பேசலாம்.”

“பத்து நிமிஷமா?”

“அது போதும் சார். ஒரு வாரத்துச் சேதிய எப்படிப் பத்து நிமிஷத்துல சொல்லதுன்னு நாங்க பழகிட்டோம். பரிச்ச அன்னைக்கி நாலு நிமிஷந்தான் கெடச்சிது. மறுவாரம் எட்டு நிமிஷம்.”

ஆவுடையப்பன் அடுத்ததைக் கேட்கவில்லை. கேட்காமலே வந்தது.

“டீ குடுத்தீகளே, அன்னைக்கி நான் போறதுக்குள்ள ஹாஸ்டல் கதவப் பூட்டிட்டாக. டீ நல்லா இருந்துச்சு சார்.”



ஆவுடையப்பன் பலகையைப் பார்த்தார். வெறும் பலகை. கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று அடித்து இரண்டு நிமிடம். கோபித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த நேரம்.

ஏதோ சுட்டதுபோல் எழுந்தார். போய் அந்தத் துடைப்பத்தை வாங்கினார். குனிந்து பெருக்கத் தொடங்கினார்.

நான்கு வீச்சு பொறுத்தார் பவுனம்மாள்.

“குடுங்க சார். நீங்க பெருக்குனா மூணு மணி ஆயிரும்.”

*

ஆறாம் ஞாயிறு மணி ஒன்று அடித்ததும் ஆவுடையப்பன் எழுந்தார். தாம் இருந்த பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மறுமுனையைக் கோமதி தூக்கினாள்.

பிறகு கூடம் முழுவதும் பெஞ்சுகள் நடந்தன. பெரியவை தாழ்வாரத்துக்குப் போயின. சின்னவை தம் இடத்துக்குத் திரும்பின. யாரோ பலகையைத் துடைத்தார்கள். யாரோ சன்னல்களைச் சாத்தினார்கள்.

“மேடம்,” என்று ரஹ்மத்துல்லா குரல் கொடுத்தார். “எங்க எல்லாரு நேரத்தயும் அண்ணாச்சி எடுத்துட்டாரு. பலகையில எழுதுங்க!”

“எப்படி எழுத?” என்றார் எஸ்தர் நவமணி. அவர் இரண்டு கையிலும் ஒரு பெஞ்சின் முனை இருந்தது.

பவுனம்மாள் பெருக்கி முடித்துக் கூடத்தைப் பூட்டும்போது மணி ஒன்று ஐந்து. பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் பூட்டு அவ்வளவு சீக்கிரம் விழுந்ததில்லை. சாவியை இடுப்பில் செருகியவர் ஒரு கணம் என்ன செய்வதென்று அறியாமல் நின்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நாற்பத்தொரு பேரும் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் வீட்டு நினைப்பு வரவில்லை.

*

ஏழாம் ஞாயிறு, கடைசி நாள். ஆவுடையப்பன் தாளை அடியோடு மறந்திருந்தார்.

ஒன்பதரை மணிக்கு வாயிற்கதவருகே நின்றிருந்தார். பவுனம்மாள் சாவியும் துடைப்பமுமாக வந்தார்.

“பாத்தீங்களாம்மா?”

“ஓடுனேன்ல சார், வழியில மூச்சு வாங்கி நின்னுட்டேன். கடைசியில நடக்கற நேரந்தான் ஆச்சு. ஒண்ணு முப்பதுக்கெல்லாம் போய்ட்டேன்.”

“அப்புறம்?”

“சேதியெல்லாம் பத்து நிமிஷத்துல தீந்துட்டு. அதுக்குப் பொறவு என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. சிரிப்பா வந்துச்சு. அவளுக்குத் தலை சீவிவிட்டேன். ரெண்டு சடை. நாலாப்புல சீவுனது சார். ரெண்டு மணிக்கு மணி அடிக்க வரைக்கும் மடியில படுத்திருந்தா.”

ஆவுடையப்பன் சாவியை வாங்கி வாயிற்கதவைத் திறந்துவிட்டார்.

பின்னால் குடை மடக்கும் ஓசை கேட்டது. எஸ்தர் நவமணி. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேலே ஆவுடையப்பன் பெயர் எழுதியிருந்தது. ஐந்தாம் ஞாயிறு அவர் மேசைமீதே விட்டுப்போன தாள். சுற்றுச்சுவர்மீது வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“இந்த அம்மாவிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?”

“ஆறு. ரெண்டு. பத்து. அப்புறம், உங்களோட கோவிச்சுக்கிட்டு உக்காந்த ரெண்டு.”

“கூட்டுங்கள்.”

பவுனம்மாள் துடைப்பத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இருபது நிமிஷம்,” என்றார் ஆவுடையப்பன்.