அரசி கேட்ட சன்னல்

முன்னொரு காலத்தில் குவளைநாட்டைப் பரிதிவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் அதையே மாற்றிவிடுவான். ஆனால் அரசி அல்லியங்கோதை கேட்டதற்கு மட்டும் அவன் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

அரசி படுத்த படுக்கையாய்க் கிடந்த சமயத்தில் ஒரே மகன் இளவெயினன் எல்லைப் போருக்குப் புறப்பட்டுப் போனான். அவன் போன பிறகு அவள் ராஜாவிடம் கேட்டாள்: "என் அறையின் மேற்குச் சுவரில் ஒரு சன்னல் வையுங்கள். தெருப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். உள்ளே உட்கார்ந்தால் தெருவின் இரண்டு கோடியும் தெரிய வேண்டும்."

"ஆகட்டும்" என்றான் ராஜா. சில நாள் கழித்து, "வேண்டாம்" என்றுவிட்டான்.

வழக்கமான சபலபுத்திதான் என்று நினைத்தார் அமைச்சர் திருமேனி. அரசி நாளுக்கு நாள் இளைப்பதைப் பார்க்க அவருக்கு மனசு பொறுக்கவில்லை. அவள் கண்மூடுவதற்குள் அந்தச் சன்னல் திறந்துவிட வேண்டும் என்று சபையில் பேச்சை எடுத்தார்.

அமைச்சர் பதவி மேல் கண்வைத்திருந்த காரியஸ்தர் குலசிங்கர் உடனே எழுந்தார். "மேற்குச் சுவரை இடித்தால் குடிக்கு ஆகாது, அரசே. தெருவில் போகிறவனெல்லாம் அரசியின் முகத்தைப் பார்ப்பான். அரண்மனைக்குப் பெருமையே சுவர்தான்."

"அப்படியானால் உங்கள் வீட்டு வாசலையும் அடைத்துப் பெருமையைக் கூட்டிவிடலாமே?" என்றார் திருமேனி.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "இனி சன்னல் பேச்சை எவனும் எடுக்கக் கூடாது" என்றான்.

திருமேனி பேச்சை எடுக்கவில்லை, சன்னலையே எடுத்துவந்தார். தச்சர்களை விட்டுத் தேக்கில் முழுச் சன்னலாகச் செய்து, சபை மண்டபத்தில் கல்சுவரை ஒட்டினாற்போல் நிறுத்திவைத்தார்.

"அமைச்சருக்குப் புத்தி கலங்கிவிட்டது" என்றார் குலசிங்கர்.

"இருக்கலாம். நீங்களே உட்கார்ந்து குற்றம் குறை பார்த்துச் சொல்லுங்கள்."

குலசிங்கர் ஜம்பமாகப் போய் உட்கார்ந்தார். சபைக்காரியம் நடந்தது. உச்சிவேளைக்குள் அவர் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டார் திருமேனி.

"சுவர்தான் தெரிகிறது. கண் வலிக்கிறது, எழுந்துகொள்ளட்டுமா?"

"அரை நாள்தானே ஆகிறது? எழுந்துகொள்ள முடியாத அரசி மாதக்கணக்கில் பார்க்கிற பெருமை இதுதான்."

குலசிங்கர் தலையைத் தொங்கப்போட்டார். அரசியின் அறைச் சுவரில் முதல் கடப்பாரையை அவரே போட வேண்டும் என்று ராஜா உத்தரவிட்டான். பிறகு சபையைக் கலைத்துவிட்டு, தன் முத்திரை மோதிரத்தைப் பரிசாகத் திருமேனியின் கையில் வைத்தான்.

"நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் ஒன்று கேள். என் பிள்ளை போர்க்களத்திலேயே போய்விட்டான், திருமேனி. தூதன் என்னிடம் மட்டும் சொன்னான். சன்னல் வைத்தால் அவள் அவன் வருவான் வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதை நான் எப்படிப் பார்ப்பேன்?"

எத்தனை பெரிய துக்கத்தைச் சபை நடுவில் சீண்டிவிட்டோம் என்று திருமேனி கூசிப்போனார்.

சன்னல் ஏறிற்று. அரசியைத் தூக்கிவந்து அதில் உட்காரவைத்தார்கள். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா, "அவன் வர இன்னும் நாளாகும், கோதை" என்றான்.

"வரமாட்டான். எனக்குத் தெரியும்."

"யார் சொன்னது?"

"நீங்கள்தான். எனக்கு இல்லை என்றே சொல்லத் தெரியாதவர், சன்னல் வேண்டாம் என்றீர்கள். அன்றைக்கே தெரிந்துகொண்டேன்."

திருமேனியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பிறகு இந்தச் சன்னல் எதற்குத் தாயே?"

"அவன் புறப்பட்ட அன்று எனக்குக் குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவன் போன வழியையாவது பார்க்கிறேன்."

அவள் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். "இரண்டு பேர் உட்காரலாம் போலிருக்கிறது. இத்தனை நாளாகத் தனியாக அழுதீர்களே, வாருங்கள்."

ராஜா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திருமேனி மோதிரத்தை வாசற்படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தார்.