சிபி வாசித்த கருணைக் கட்டுரை

“வெளிநாட்டுல மூணு காலேஜ் என்னை வேண்டாம்னுட்டாங்க, டாக்டரம்மா. மார்க் எல்லாம் இருக்கு. ‘நீ ஏன் மருத்துவராக வேண்டும்’னு ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்க. அங்கதான் கவுந்துடறேன்.”

சிபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கல்லூரி. அதற்கும் இன்று சாயங்காலம்தான் கடைசி.

டாக்டர் மங்களேஸ்வரி காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை நீட்டியிருந்தார். அவரிடம் மாத்திரை கிடைக்கும், பேச்சு கிடைக்காது என்று ஊரில் சொல்வார்கள்.

“எழுதினதைப் படி,” என்றார்.

சிபி இரும்பு நாற்காலியைத் தரதரவென்று அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டான். தொப்பென்று உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பிறர் வலியைக் கண்டால் என் நெஞ்சம் மெழுகாய் உருகிவிடும்.”

“தம்பி...”

“இருங்கம்மா, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்.”

டாக்டரின் முகம் சிவந்தது. பரவாயில்லையே, வேலை செய்கிறதே என்று சிபிக்குத் தெம்பு வந்துவிட்டது.

“வழியில் ஓர் எறும்பை மிதித்துவிட்டால்கூட அன்று எனக்குச் சோறு இறங்காது.”

“சிபி, கொஞ்சம்...”

“உருக்கமான கட்டமே இனிமேதாம்மா வருது!”

கையை ஆட்டி, குரலை நடுங்கவிட்டு, நாற்காலியில் எம்பி எம்பி உட்கார்ந்து படித்தான். டாக்டரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

சிபி பூரித்துப்போனான். எத்தனையோ பிரசவம், எத்தனையோ சாவு பார்த்தும் கண் கலங்காத மனுஷி! சீட்டு கிடைத்த மாதிரிதான்.

“எப்பம்மா உங்களுக்கு அழுகை வந்துச்சு? அந்த வரியையே முதல்ல வச்சிடறேன்.”

“நீ உட்கார்ந்தப்பவே வந்துடுச்சு. நாற்காலி என் கால்மேல நிக்குது.”

சிபி அலறியடித்துக்கொண்டு எழுந்தான். டாக்டரின் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

கட்டுரை எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. அப்படியே தரையில் மண்டியிட்டான். தொடுவதற்கும் பயம், தொடாமல் இருக்கவும் முடியவில்லை.

“எங்க வலிக்குதும்மா?”

“இப்ப கேட்டியே, அதை எழுது,” என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. “ஐஸ் கொண்டுவந்துட்டு எழுது.”