ஓர் அங்குலம் நீண்ட கை

ஒரு விடுகதை சொல்கிறேன். கேளுங்கள்.

அது ஒரு வட்டமான வீடு. அதில் ஆறு அறைகள். ஐந்து அறைகளில் ஆள் உண்டு. ஆறாவது அறை எப்போதும் காலி. அந்த ஓர் அறை காலியாக இருப்பதால்தான் வீட்டுக்காரன் பயமில்லாமல் நடமாடுகிறான்.

அது என்ன வீடு?

உடனே சொல்ல வேண்டாம். விடை வழியில் தானாக எதிர்ப்படும்.

*

"ரொம்ப மெதுவா இருக்கு, மைமூனம்மா," என்றான் அருளப்பன்.

மைமூன் தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"எது? என் தையலா?"

"இல்ல. என் துப்பாக்கி."

அப்போதுதான் சக்கரம் நின்றது.

*

அந்த மலை ஊரில் மதியம் தாண்டியதும் பனி இறங்கிவிடும். முதலில் தேவாலயத்தின் கோபுரம் மறையும். பிறகு கடைவீதி மறையும். கடைசியில் நம் கால்களே நமக்குத் தெரியாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பனிக்குள் நடப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பார்கள்.

"நான் தாவூது!"

"நான் செல்லக்கண்ணு!"

ஆட்கள் தெரியமாட்டார்கள். பெயர்கள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வரும், மிதந்து போகும்.

அருளப்பன் மூன்று வாரமாகப் பெயர் சொல்லாமல் நடந்தான்.

காரணம் மருதன். அருளப்பன் மரக்கிடங்கில் வேலை பார்ப்பவன். வந்து சேரும் மரங்களுக்கு எண் அடிப்பவன். மருதன் காட்டில் திருட்டு மரம் வெட்டியதை அவன் பார்த்தான். பார்த்ததை நீதிமன்றத்தில் சொன்னான். இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு மருதன் ஊர் திரும்பியிருந்தான். திரும்பிய அன்றே ஆள் மூலம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான்.

"பனியில பாத்துக்கிறேன்னு சொல்லு."

அருளப்பனுக்கு மனைவி இல்லை. ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். பெயர் ரோசலி. பள்ளி விட்டதும் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவது அவன்தான்.

பனி வழியாக.

*

மைமூன் பல வருடம் வனக்காவலர்களுக்குத் தோல் உறைகள் தைத்தவள். துணியைப் போலவே துப்பாக்கியையும் அவளுக்குத் தெரியும். அவளிடம் துணி தைக்கப் போகிறவர்கள் வேறு ஏதோ ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்புவதாக ஊரில் பேச்சு. கேட்டால் சிரிப்பாள்.

"மிச்சத் துணியைத்தான் கட்டிக் கொடுக்கிறேன். வேற என்ன?"

அருளப்பன் துண்டில் சுற்றியிருந்ததை மேசையில் வைத்துப் பிரித்தான். அவன் தகப்பனாருடைய ரிவால்வர். இப்போது அவன் பெயரில் உரிமம் இருந்தது.

மைமூன் அதன் ஓரக் கதவைத் திறந்தாள். உருளையை அறை அறையாகத் திருப்பினாள். ஒவ்வொரு தோட்டாவாக வெளியே தள்ளி ஊசி டப்பாவுக்குள் போட்டாள்.

ஐந்து.

"ஆறாவது எங்கண்ணே?"

"அது காலிதான். சுத்தியலுக்கு நேரா இருக்கிற அறையில தோட்டா போடமாட்டேன். எங்கயாவது இடிச்சுக்கிட்டா வெடிச்சிரும். மக பக்கத்துலயே நடப்பா."

விடுகதைக்கு விடை வந்துவிட்டது. ஆனால் கதை இனிமேல்தான்.

"சரி, என்ன மெதுவு?"

அவன் எடுத்துக் காட்டினான். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சிறிய சுத்தியல். கட்டைவிரலால் அதை இழுத்து நிறுத்தினான். *கட்* என்று ஒரு சத்தம். பிறகு விசையை அழுத்தினான். சுத்தியல் விழுந்தது.

"பாத்தீங்களா? வெறும் விசையை இழுத்தா இது சுடாது. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் வேணும். இப்ப வர்றதெல்லாம் அப்படி இல்ல. ஒரே இழுப்பு."

"அப்ப வேற வாங்குங்க."

"உரிமம் இதுக்குத்தான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"எடுக்கிறதாவது வேகமா இருக்கட்டும். கோட்டுக்குள்ள ஒரு பை தச்சுக் கொடுங்க. வெளியே தெரியக் கூடாது. வலது கையை விட்டா கைக்கு வரணும்."

"கோட்டைக் கழட்டுங்க."

அவள் கோட்டை மேசையில் விரித்தாள். அதன் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"வலது கை ஒரு அங்குலம் நீளமா இருக்கு. எந்தக் குருடன் தச்சது?"

"நீங்கதான்."

"நான் தச்சா ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

அருளப்பன் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"ரோசலி அதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வருவா. அதுல இழுத்திருக்கும்."

மைமூன் அளவுநாடாவைச் சுருட்டினாள்.

"நாளைக்கு வாங்க."

*

மறுநாள் பை தயாராக இருந்தது. அவள் அதற்குள் துப்பாக்கியை வைக்கவில்லை. அதே எடையில் ஒரு மரக்கட்டையை வைத்தாள்.

"தாவூது பேக்கரி வரைக்கும் போயிட்டு வாங்க."

அவன் பனிக்குள் போனான். திரும்பி வந்தான்.

"ஒருத்தருக்கும் தெரியல," என்றான்.

பனிக்குள்ளிருந்து தாவூதின் குரல் வந்தது.

"மைமூனம்மா! அருளப்பண்ணனுக்கு வயித்து வலியா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டே போறாரு!"

மைமூன் ஊசியில் நூல் கோத்தாள்.

"பை நல்லாத்தான் ஒளிச்சிருக்கு. கைதான் காட்டிக் கொடுக்குது. நாளைக்கு வாங்க."

அதற்கு அடுத்த நாள் அவன் கை பையைத் தொடவில்லை. ஆனால் ஒரு தோள் தாழ்ந்திருந்தது. மைமூன் ஆற்றுக்கல் ஒன்றைத் தேடி எடுத்து, கோட்டின் இடது ஓரத்தில் வைத்துத் தைத்தாள்.

"இப்ப ரெண்டு பக்கமும் சமம்."

"கல்லையும் சேர்த்துச் சுமக்கணுமா?"

"ஒளிச்சு வச்சா ரெண்டு மடங்கு சுமக்கணும். யார் உங்களை ஒளிக்கச் சொன்னது?"

"கேலி பண்ணாதீங்கம்மா. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல."

"தெரியுது. கண்ணுக்குக் கீழே ரெண்டு பை தொங்குது. அது நான் தச்சதில்ல."

*

நான்காம் நாள் அவன் கடை வாசலில் நின்று பழகினான். தோட்டாக்கள் ஐந்தும் மைமூனின் ஊசி டப்பாவில் இருந்தன. காலித் துப்பாக்கி அவன் கோட்டுக்குள் இருந்தது.

கையை விடு. எடு. கட்டைவிரலால் இழு. *கட்*. மெல்ல விடு. உள்ளே வை.

பனி உள்ளே வந்தது. தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. தையல் இயந்திரத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் ஓடும் தண்ணீரைப் போலக் கேட்டது. அருளப்பனுக்குத் தான் நிற்பது வாசலிலா, தூக்கத்திலா என்று தெரியவில்லை.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது.

பெயர் கேட்கவில்லை.

காலடி நெருங்கியது. அப்போதும் பெயர் இல்லை. பனியில் ஒரு கறுப்பு உருவம் திரண்டது. தோள் அகலமாக இருந்தது.

துப்பாக்கி காலி என்பதை அருளப்பன் மறந்துபோனான். கை போனது. எடுத்தது. கட்டைவிரல் இழுத்தது.

*கட்*.

உருவம் நின்றது. தோளிலிருந்த பால் கேன் கீழே இறங்கியது. வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பும் சத்தம் கேட்டது.

"யண்ணே! பால்ல கொஞ்சம் தண்ணி ஊத்தினேன். ஒத்துக்கிறேன். அதுக்கு இதுவா?"

பால்காரி செல்லக்கண்ணு.

அருளப்பன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "ஏன்... ஏன் பேர் சொல்லல?"

"வாய் நிறைய வெத்தலை. எதால சொல்ல? நீங்க மட்டும் சொல்றீங்களாக்கும்! மூணு வாரமா ஊமை மாதிரி போறது யாராம்?"

அவள் கேனைத் தூக்கிக்கொண்டு கோபமாகப் போனாள். போகும்போது ஊர் முழுக்கக் கேட்கும்படி பெயர் சொன்னாள்.

"நான் செல்லக்கண்ணூ! சுட்டுராதீங்கய்யா, செல்லக்கண்ணூ!"

அருளப்பன் உள்ளே போனான். முக்காலியில் உட்கார்ந்தான். சுத்தியலை மெல்ல விடுவதற்கு அவனுக்கு வெகுநேரம் ஆனது.

மைமூன் கேட்டாள்.

"எத்தனை சத்தம் கேட்டுச்சு?"

"ஒண்ணு. சுத்தியல் நின்ன சத்தம்."

"ரெண்டாவது? அது விழுற சத்தம்?"

"கேக்கல."

"ஏன்?"

"அதுக்குள்ள முகம் தெரிஞ்சிருச்சு."

"ரொம்ப மெதுவா இருக்குன்னு சொன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு முடிச்சுத் தரேன். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

*

ஐந்தாம் நாள் காலையில் அவன் ரோசலிக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னான்.

"இன்னையிலேர்ந்து அப்பாவோட இடது கையைத்தான் பிடிக்கணும்."

"ஏன்?"

"வலது கை அப்பாவுக்கு வேணும்."

"எதுக்கு?"

"வேணும்மா."

ரோசலி சரி என்று தலையாட்டினாள். பின்னல் கோணிப்போனது.

*

பள்ளி விட்டதும் இருவரும் மைமூனின் கடைக்கு வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு குரல் வந்தது.

"நான் ரோசலீ!"

"பேர் சொல்லாதேன்னு சொன்னேன்ல?" என்றது இன்னொரு குரல், அடங்கிய குரல்.

"சொல்லலேன்னா யாராவது வந்து மோதிருவாங்கப்பா."

ரோசலி உள்ளே வந்ததும் மைமூன் அவளை வெட்டுத்துணிக் குவியலின் மேல் உட்காரவைத்தாள். கோட்டை அருளப்பனுக்குப் போட்டுவிட்டாள். துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்கள் இருந்தன. ஓர் அறை காலியாக இருந்தது. அது பைக்குள் அசையாமல் உட்கார்ந்தது. வெளியே ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவன் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். விரல் நுழையவில்லை. பையின் வாய் சிவப்பு நூலால் தைத்து மூடப்பட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"ஓட்டுத் தையல். ஒரு இழுப்புல வந்துரும். கடைசி வேலை அதுதான்."

"அப்ப இழுங்க."

அந்த நேரத்தில் பேக்கரிப் பக்கமிருந்து தாவூதின் குரல் வந்தது. இந்த முறை அதில் சிரிப்பு இல்லை.

"அருளப்பண்ணே, இருக்கீங்களா? பாலத்துகிட்ட மருதன் நிக்கிறானாம். ரொம்ப நேரமா நிக்கிறானாம்."

அருளப்பனின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேறு வழி கிடையாது.

"பிரிங்கம்மா. சீக்கிரம்."

"பேர் சொல்லிக்கிட்டே போனா வழியெல்லாம் கதவு திறக்கும், அண்ணே. தாவூது வருவான். செல்லக்கண்ணு வருவா. நான் வருவேன்."

"அவனுக்கும்தானே கேக்கும்?"

"கேக்கும்."

"அப்ப பிரிங்க!"

மைமூன் கத்தரிக்கோலை அவனிடம் நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையையும் கீழே தொங்கப் போடுங்க. பாப்பா வந்து ஒண்ணைப் பிடிக்கட்டும். இடது கையைப் பிடிச்சா நானே பிரிச்சுத் தரேன்."

"வலதைப் பிடிச்சா?"

"பேர் சொல்லிக்கிட்டே போகணும். ஆனா, நீங்கதான் காலையிலயே சொல்லி வச்சிருப்பீங்களே."

அருளப்பன் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டான். மைமூன் அதைப் பார்த்தாள்.

அவன் இரண்டு கைகளையும் தொங்கவிட்டான். இடது கையில் மிட்டாய் இருந்தது. வலது கை காலியாக இருந்தது.

"ரோசலி, போலாமா? வா."

ரோசலி துணிக் குவியலிலிருந்து இறங்கினாள். புத்தகப் பையை மாட்டிக்கொண்டாள். இடது கையிடம் போனாள். மிட்டாயை எடுத்தாள். தாளைப் பிரித்து மிட்டாயை வாயில் போட்டாள். தாளை மைமூனிடம் கொடுத்தாள்.

பிறகு அப்பாவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, வலது கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.