இலுப்பை மரத்தில் முயல் வீட்டு விதிகள்

ஆற்றங்கரைக் காட்டில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் பொந்தில் பூவாத்தாள் என்ற அணில் குடியிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு மரங்களுக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடந்தது. பூவாத்தாளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் தோன்றியது. உடனே காட்டுச் சபைக்கு ஓடினாள்.

சபையின் எழுத்தர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்.

"பிள்ளைக் காப்பகமா? நல்ல விஷயம்தான். விதிகளை எழுதிக் கொண்டாந்தியா? எப்படித் தூங்க வைப்பே, என்ன ஊட்டுவே, ஆபத்து வந்தா என்ன செய்வே, எல்லாம் வேணும். அதுல பெத்தவங்க கால்தடமும் வேணும். அப்பத்தான் அனுமதி."

பூவாத்தாளுக்குத் தலை சுற்றியது. வளர்க்கச் சொன்னால் பத்துப் பிள்ளைகளை வளர்ப்பாள். எழுதச் சொன்னால் எங்கே போவாள்? இதுவரை அவள் எழுதியதெல்லாம் மாம்பழத் தோலில் பல்லால் போட்ட கோடுதான்.

நேராகப் புதர்க்காட்டு முயலிடம் போனாள். முயல் பல வருடமாகக் காப்பகம் நடத்துபவள்.

"அக்கா, உங்க விதிகளைப் பார்த்து எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுதிக்கோ கண்ணு. ஆனா படிச்சுப் பார்த்து எழுது. அது என் வீட்டுக்குன்னு எழுதினது."

"படிக்காம எப்படிக்கா எழுத முடியும்?" என்று சிரித்தாள் பூவாத்தாள்.

சொன்னாளே தவிர, கை ஒருபக்கம் எழுதிக்கொண்டிருந்தது. மனம் ஊஞ்சல் எந்தக் கிளையில் கட்டலாம் என்று போய்விட்டது. தேக்கிலை நிறைய நகத்தால் கீறி முடித்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மைனாவும் ஓணானும் வௌவாலும் தங்கள் பிள்ளைகளை விட முன்வந்தார்கள். வௌவாலுக்கு ராத்திரி வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு.

"நம்ம பூவாத்தாதானே, இதுல என்ன படிக்கிறது?" என்று மைனா காலை அழுத்தினாள். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். கொக்கும் கால்தடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார்.

காப்பகம் தொடங்கியது. கூடவே கூத்தும் தொடங்கியது.

மதியம் எல்லாப் பிள்ளைகளும் வயிறு தரையில் படும்படி படுக்க வேண்டும் என்பது விதி. வௌவால் குட்டியைப் படுக்க வைத்தால் உருண்டான். பூவாத்தாள் அந்தப் பக்கம் திரும்பியதும் கிளையில் போய்த் தலைகீழாகத் தொங்கினான். சரியான பிடிவாதக்காரன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இளம்புல் ஊட்ட வேண்டும் என்பது இன்னொரு விதி. மைனாக் குஞ்சு முகத்தைச் சுளித்தது.

"தொண்டையில குத்துது அத்தை."

"சபையில எழுதிக் கொடுத்தாச்சு தங்கம். மாத்தினா நம்ம காப்பகத்தையே மூடிடுவாங்க. ஒரே ஒரு வாய்."

அவளுக்கே பாவமாக இருந்தது. பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு புழுவைத் தேடிக் கொண்டுவந்து ஊட்டினாள்.

ஆபத்து என்று குரல் கேட்டால் கீழே இறங்கி வளைக்குள் புக வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. பூவாத்தாள் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டாள். "ஆபத்துன்னா கீழே, கீழே, கீழே!" பிள்ளைகள் ஆடிப் பாடி மனப்பாடம் செய்தார்கள். பாட்டு நன்றாக வந்த சந்தோஷத்தில், இலுப்பை மரத்தடியில் வளை எங்கே இருக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் மதியம் ஒரு நரி மோப்பம் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தது.

"ஆபத்து!" என்று கத்தினாள் பூவாத்தாள்.

சொல்லிக்கொடுத்தபடியே பிள்ளைகள் கிளம்பினார்கள். பறக்கத் தெரியாத மைனாக் குஞ்சு கிளைக்குக் கிளை தத்தி இறங்கியது. ஓணான் குட்டி தண்டு வழியே இறங்கினான். வௌவால் குட்டி மட்டும் தொங்கிக்கொண்டே கேட்டான்.

"அத்தை, நரி கீழேதானே இருக்கு? நாம ஏன் கீழே போறோம்?"

மரத்தடியில் வளையே இல்லை என்பது அப்போதுதான் பூவாத்தாளுக்கு உறைத்தது.

"மேலே வாங்க கண்ணுகளா, மேலே வாங்க!"

ஓணான் குட்டி பாதி மரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "கீழேன்னுதானே அத்தை பாட்டு?"

நரி பதுங்கியது. இனிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பூவாத்தாள் தண்டில் பாய்ந்து, பிள்ளைகளைத் தாண்டி, நரியின் மூக்குக்கு நேரே போய் வாலைச் சிலிர்த்துக் கத்தினாள். நரி அவள் மேல் பாய்ந்தது. அவள் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, நரியும் சுற்றியது. அதற்குள் பிள்ளைகள் தட்டுத்தடுமாறி மேலே ஏறிவிட்டார்கள். அவளும் ஒரே தாவாகத் தாவி ஏறினாள். நரியின் வாயில் மிஞ்சியது கொஞ்சம் வால் மயிர்தான்.

மாலையில் தாய்மார்கள் வந்ததும் பூவாத்தாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"தப்பு என்னுதுதான். முயலக்கா விதிகளை அப்படியே எழுதிட்டேன். அவங்களுக்கு வளை இருக்கு, எனக்கு ஏது? நாளையிலிருந்து பிள்ளைகளை அனுப்பாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.

மைனா தன் குஞ்சை அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "என் பிள்ளைக்குப் புல்லுன்னு எழுதியிருக்கு. அதைக்கூடப் படிக்காம காலை வெச்சவ நான். உன்னை மட்டும் எப்படிச் சொல்ல?"

"இவன் தொங்கித்தான் தூங்குவான்னு நானும் சொல்லலையே" என்றாள் வௌவால்.

"அழுதது போதும், வேற இலை எடு" என்றாள் ஓணான்.

நால்வரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளை எதைத் தின்னும், எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும் என்று சொன்னாள். பூவாத்தாள் மரத்தை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினாள். இந்தத் தடவை எல்லோரும் படித்துவிட்டுத்தான் காலை வைத்தார்கள்.

மறுநாள் பயந்துகொண்டே கொக்கிடம் போனாள். "விதியை மாத்தலாமாங்க?"

"மாத்தலாமே. கூடாதுன்னு யார் சொன்னா?" என்றார் கொக்கு.

அவள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக "ஆபத்து!" என்று கூவிப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளும் விறுவிறுவென்று உச்சிப் பொந்துக்கு ஏறினார்கள். எல்லோரும் உள்ளே போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக அவள் ஏறினாள்.

நம் வீட்டையும் நம்மை நம்பி வரும் பிள்ளைகளையும் பார்த்து எழுதாத விதி, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் ஆபத்துக்கு உதவாது.